எறும்புக்குப் பங்கு கிடையாது

முதலில் சீனி டப்பா.
தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தேன்.
நீந்தத் தெரியாதென்று நினைத்தேன்.
செத்ததின் மேல் ஏறி மற்றவை வந்தன.

பள்ளத்தூர்க் கடையில் சேவுகன் சொன்னான்,
பொடி தூவுங்க ஆச்சி, மூணே நாள்.
மூன்று நாளில் இரண்டு பல்லி செத்தது,
எறும்பு பொடியைச் சுற்றிக்கொண்டு போயிற்று,
நாம் ரோட்டுக் குழியைச் சுற்றிப் போவதுபோல.

மஞ்சள், பெருங்காயம், கிராம்பு, கடைசியில் வினிகர்.
அடுப்பாங்கரை, ரசம் தீய்ந்த மாதிரி மணத்தது.

தோட்டத்து மாமரத்தில் முசுறு வேறு.
காய் பறிக்கப் போன என் கழுத்தில் இறங்கி
ரவிக்கைக்குள் பஞ்சாயத்துப் பேசியது.
தொரட்டியில் கந்தல் சுற்றித் தீ வைத்து
இலைக் கூட்டோடு கருக்கினேன்.
பாவம் என்று தோன்றவில்லை.
கழுத்து எரிந்துகொண்டிருந்தது.

வீட்டு எறும்பு அப்படி இல்லை.
கடிக்காது. நம்மைக் கண்டுகொள்ளவும் செய்யாது.
டார்ச் அடித்துப் பின்னாலேயே போனேன்:
அடுப்பாங்கரைச் சுவர், நிலைப்படி,
வளவில் மூன்றாவது தூண்,
ஆத்தங்குடிக் கல்லில் பூவுக்கும் பூவுக்கும் நடுவே
ஒரு வெடிப்பு,
அப்புறம் நேரே
ஏழாவது அறைக் கதவின் அடியில்.

ஏழாவது அறை எங்கள் பங்கு இல்லை.
கொழுந்தனார் பங்கு.
பதினோரு வருஷமாக அவர் பூட்டு,
அதன் மேல் நாங்கள் போட்ட பூட்டு.
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
தேவகோட்டை கோர்ட்டில் இத்தனை வாய்தா ஊர்ந்தும்
இந்த வழக்கு ஓர் ஓரம்கூடத் தேயவில்லை.

வரிசையில் ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஏதோ.
என் சீனிதான்.
என் சீனி அவர் பங்குக்குப் போகிறது.
இதையும் மனுவில் சேர்க்கலாமென்று
வக்கீல் நம்பரைத் தேடினேன்.
தேடுவதற்குக் கண்ணாடி போட்டேன்,
போட்ட கண்ணாடியோடு குனிந்தேன்.
சீனி இல்லை. முட்டை.
கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது.
குடி மாறுகிறார்கள்,
வீட்டில் ஈரம் ஏறாத ஒரே அறைக்கு,
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்.

இருந்தாலும் அண்டா நிறைய வெந்நீர் போட்டேன்.
போட்ட பிறகுதான் தோன்றியது,
கூடு கதவுக்கு அந்தப் பக்கம்.
வெடிப்பில் ஊற்றினால்
கல்தான் வேகும்.

திருப்பூருக்குப் போன் அடித்தேன்.
எடுத்தது ஓரகத்தி தெய்வானை.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு மட்டும் விட்டோம்.
"எறும்பு," என்றேன்.
"அங்கேயுமா?" என்றாள்.

நாலாம் மாடியாம். லிஃப்டில் ஏறி வருதோ என்னவோ,
சுவிட்ச் போர்டுக்குள் குடியிருக்கு,
ஃபேன் போட்டால் வறுத்த வாசனை என்றாள்.
போராக்ஸ் வாங்கு, சீனியோடு குழைத்து மூடியில் வை.
உடனே சாகக் கூடாது,
கூட்டுக்குக் கொண்டுபோய் ஊட்டணும், அதான் கணக்கு.
"சீனி மூணு பங்கு,
போராக்ஸ் ஒரு பங்கு."

பங்கு என்றதும்
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தினோம்.

பிறகு அவளே தொடங்கினாள்,
மகளுக்கு வந்த வரன், தட்டிப்போன வரன்,
அவருக்குச் சர்க்கரை, கால் விரலில் ஆறாத புண்,
பனியன் கம்பெனியில் பாதி மெஷின் நின்றது.
என் முட்டியைப் பற்றி நானும் சொன்னேன்.
சாவியை நான் கேட்கவில்லை.
அவளும் வாயெடுக்கவில்லை.
"மழையா அங்கே?" என்றாள்.
போனை முற்றத்துப் பக்கம் நீட்டினேன்.
கேட்டதோ இல்லையோ, சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அண்டாத் தண்ணீர் ஆறிப்போயிருந்தது.
வீணாக்குவானேன் என்று குளித்தேன்.
தலை துவட்டிக்கொண்டு திரும்பினால்
சோப்பு டப்பாவின் மேல் இரண்டு,
வழி கேட்பதுபோல் நின்றன.

காலையில் சேவுகன் கடைக்குப் போகணும்.
மூணுக்கு ஒண்ணு.